அம்மா அனுப்பிய மிட்டாய்

எங்கள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்குக் கறார் என்று பெயர். வைத்தது நான்தான். முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்கையும் முகத்தையும் பார்த்து ஃபிரேம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பின்னால், தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் கல்லில், லென்ஸை அந்த ஃபிரேமுக்குப் பொருந்தும்படி தேய்ப்பது அவள் வேலை. இம்மி பிசகினாலும் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பாள். வாடிக்கையாளர் வாசலில் நின்று கத்தினால் கத்தட்டும். "நாளைக்கு வரச் சொல்லுங்க" என்பாள். அதை அவர்களிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வது நான். இவளுக்குக் கறார் என்று வைக்காமல் வேறென்ன வைப்பது?

ஆள் சின்ன உருவம். முழங்கை வரைக்கும் கல்லின் வெள்ளைச் சேறு தெறித்திருக்கும். பேச்சு மிகவும் குறைவு. நான் நேரெதிர். எனக்கு வாயும் நீளம், கோபமும் மூக்கு நுனியில். இவளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்திலும் கோபமாகத்தான் இருக்கிறது. யார் மேல் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

முன்பெல்லாம் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் கூடப் பிறந்த அக்கா, நன்றாக இருந்த மனுஷி, ஒரு காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வார்த்தை இவள் வாயில் வரவே இல்லை. "இங்க பாருங்க" என்றுதான் என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அக்காவின் மகளை இவள் தன்னோடு கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். அக்கா புருஷன் லாரி ஓட்டுகிறவர். ஒரு பக்கம் சுமை ஏற்றி இன்னொரு பக்கம் இறக்கி, அங்கேயே அடுத்த சுமைக்குக் காத்துக் கிடந்து, எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அவரைக் குடிகாரர், பொறுப்பில்லாதவர் என்று சொன்னால் எனக்குத் திட்ட வசதியாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை, நல்ல மனிதர். "கொஞ்ச நாள் பாத்துக்கோம்மா" என்று கண் கலங்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். இவளும் "சரி மாமா" என்றாள். இடையில் இவளைப் பெண் பார்க்க ஒரு வீட்டிலிருந்து வந்தார்கள். குழந்தையும் என்னோடு வரும் என்று இவள் சொன்னாள். வந்தவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் போல.

குழந்தைக்கு அணில் என்று செல்லப் பெயர். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓரத்திலிருந்து கொறிக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அறைதான் வீடு. ஜன்னலுக்குக் கீழே அடுப்பு, அதை ஒட்டிக் கை கழுவுகிற தொட்டி, இந்தப் பக்கம் கட்டில். அணில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே பாத்திரச் சத்தம் வராமல் சமைத்து, டப்பாவில் போட்டு, பிறகு எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கடைக்கு வருவாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் அந்த டப்பா போன மாதிரியே திரும்பி வந்தது. முட்டை, சோறு, ரொட்டி, என்ன வைத்தாலும் தொடவில்லை. மற்ற குழந்தைகள் டப்பாவைத் திறந்து, "எங்க அம்மா வெச்சது", "எங்க அம்மா வெச்சது" என்று காட்டிக்கொள்ளுமாம். இது மூடியைத் திறக்காமலே உட்கார்ந்திருக்குமாம். டீச்சர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, பின்னறையில் இவளும் தன் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் இரண்டு பேரும் எலும்பும் தோலுமாக ஆனார்கள்.

அப்போதுதான் ஒரு காரியம் செய்தாள். அது இரண்டு அடுக்கு டப்பா. மேல் அடுக்கில் சாப்பாட்டை வைத்து, கீழ் அடுக்கில் ஒரே ஒரு மிட்டாயை வைத்தாள். ஆரஞ்சு நிறக் காகிதம் சுற்றிய, மென்றால் பல்லில் அப்பிக்கொள்கிற மிட்டாய். செத்துப்போன அக்காவுக்குப் பிடித்தது, பையில் எப்போதும் வைத்திருப்பாளாம்.

"அடியில அம்மா ஒண்ணு குடுத்து விட்டுருக்கா. மேல இருக்கறதத் தின்னு முடிச்சுட்டு எடுத்துக்கோ."

"அம்மாவா? அம்மா ஏன் வீட்டுக்கு வரல?"

"அம்மாவால வீட்டுக்கு வர முடியாது. அதனாலதான் ஸ்கூல் டப்பால வெச்சு அனுப்பறா."

அன்றைக்கு டப்பா காலியாக வந்தது. அடுத்த நாளும் காலி. என்னிடம் இதைச் சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். லென்ஸில் இம்மி பிசகினால் ஒத்துக்கொள்ளாதவள், குழந்தையிடம் மலை மாதிரி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்து சிரிக்கிறாளே என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் பட்டினி கிடந்த குழந்தை சாப்பிடுகிறது. அதில் யார் என்ன குற்றம் சொல்வது?

அதற்குப் பிறகு மிட்டாய் இல்லாத பள்ளி நாளே கிடையாது. பல்லில் கறுப்பு தெரிந்தபோது இவள் லாரிக்காரரிடம் போனில் சொன்னாள். "பால்பல்லுதானேம்மா, எப்படியும் விழப்போற பல்லுதானே" என்றார் அவர். ஊரே அப்படித்தான் சொல்லும், அவர் மட்டும் என்ன செய்வார். ஒரு நாள் அணில் கன்னம் பொதபொதவென்று வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் அழுதுகொண்டு நின்றது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே இவளுக்குக் கால் வராது. அக்காவை அங்கேதானே விட்டாள். அதனால் நான் கூடப் போனேன்.

பல் டாக்டரம்மா வெடுக்வெடுக்கென்று பேசுகிறவர். வீங்கின பக்கத்துப் பால்பல்லைக் காப்பாற்ற வழியில்லை, எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார். அதோடு நிறுத்தாமல் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பின்னால் பார்த்தார்.

"ஸ்கூல்ல சாப்பாட்டுக்கு அப்புறம், கடைசியா இவ வாயில போறது என்ன?"

அணில்தான், வீங்கின வாயோடு, "அம்மா முட்டாய்" என்றாள்.

டாக்டரம்மா கறாரைத்தான் அம்மா என்று நினைத்துக்கொண்டு, "நீங்களே வெச்சுக் குடுக்கறீங்களா? நல்லா இருக்கு" என்றார். இவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். "இங்க வந்து பாருங்க. கடைசியில இருக்கே இந்தக் கடைவாய்ப்பல், இது பால்பல் இல்ல. எந்தப் பல்லும் விழாம, இது பாட்டுக்குப் பின்னாடி முளைச்சு வரும். அதனால எல்லாரும் பால்பல்னு நினைச்சு விட்டுடறாங்க. இது போனா வேற முளைக்காது, கிழவியாகற வரைக்கும் இதை வெச்சுத்தான் மெல்லணும். இப்பத்தான் மேல வெள்ளையா அரிக்க ஆரம்பிச்சிருக்கு, இன்னும் ஓட்டை விழல. அந்த முட்டாய் மத்தியானம் ஒட்டிக்கிட்டு ராத்திரி வரைக்கும் அங்கேயே உக்காந்திருக்கு. அதை இன்னையோட நிறுத்துங்க."

இனிப்பையே காட்டக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. வீட்டில், சாப்பாட்டோடு சேர்த்து எப்போதாவது கொடுத்து, பிறகு பல் விளக்கிவிட்டால் போதும் என்றார். பள்ளிக்கூட டப்பாவில்தான் ஒட்டுகிற எதுவும் கூடாது. ஜாம், கிரீம் பிஸ்கட், உலர்ந்த திராட்சை கூட வேண்டாம். குடிக்கத் தண்ணீர் மட்டும். முடிவில் வாயில் போவது ஒரு துண்டு சீஸாகவோ, நாலு வேர்க்கடலையாகவோ இருக்கட்டும் என்றார்.

மறுநாளிலிருந்து கறார் தன் கறாரைச் சமையலில் காட்டினாள். வேகவைத்த முட்டையை நாலாகக் கீறி வைத்தாள். கேரட்டைக் குச்சி குச்சியாக நறுக்கி வைத்தாள். ஆப்பிளைத் துண்டு போட்டு, மறுபடி முழு ஆப்பிளாகவே சேர்த்து ரப்பர் வளையம் மாட்டி வைத்தாள், நிறம் கறுக்காமல் இருக்க. சீஸ் இருந்தது, கடலை இருந்தது. பார்த்தால் எனக்கே எடுத்துத் தின்ன ஆசை வரும். எல்லாம் மேல் அடுக்கில். கீழ் அடுக்கை என்ன செய்வது?

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். "அம்மா இனிமே வீட்டுக்கே அனுப்பறாளாம்" என்று சொல்லிப் பார்த்தாள். "வீட்டுக்கு வர முடியாதுன்னு நீதானே சொன்னே?" என்றது குழந்தை. எந்த வக்கீலும் இவ்வளவு சீக்கிரம் மடக்க மாட்டான். பிறகு நான் ஒரு யோசனை சொன்னேன். அதே ஆரஞ்சுக் காகிதத்தில் சீஸ் துண்டைச் சுற்றி வை, அம்மா இப்போது இதை அனுப்புகிறாள் என்று சொல் என்றேன். எனக்கு என் மூளையை நினைத்துப் பெருமையாகக் கூட இருந்தது. சாயங்காலம் அந்தச் சீஸ் காகிதத்தோடு அப்படியே திரும்பி வந்தது.

"இது அம்மா வெச்சது இல்ல. அம்மா சீஸ் தொடவே மாட்டா" என்றாளாம் அணில்.

உண்மைதான். அக்காவுக்குச் சீஸ் வாசனையே ஆகாதாம். சின்னக் குழந்தை, அம்மா முகமே மறந்திருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதற்கு மேல் பொய் கிடைக்காமல், கீழ் அடுக்கைக் காலியாக விட்டாள். இரண்டாவது நாள் குழந்தை, "அம்மாக்கு என் மேல கோபமா?" என்று கேட்டது. "சேச்சே, உன் மேல அம்மாவுக்கு என்ன கோபம்?" என்று இவள் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அங்கே நிறுத்தியிருக்கலாம். "அம்மாவுக்கு உன் மேல கோபமே வராது, ஒரு நாளும் வராது" என்று சத்தியம் வேறு செய்துவிட்டாள். குழந்தை அதை வைத்துக் கணக்குப் போட்டது. அம்மாவுக்குக் கோபம் இல்லை. அப்படியானால் அம்மா அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள். டப்பாவுக்கு மட்டும் வந்து சேரவில்லை. டப்பாவைத் தொடுகிற ஆள் வீட்டில் ஒருத்திதான்.

"நீதான் எடுத்துடற."

"நான் எடுக்கலடா கண்ணு."

"அப்ப எங்க?"

அதற்குப் பிறகு அணில் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தாள். காலையில் எழுந்து, அடுப்படியில் இவள் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைசியில், சித்தி கையால் வைத்தது எதுவும் வேண்டாம் என்று மறுபடி பட்டினி கிடந்தாள். முட்டையும் கேரட்டும் பழையபடி போன மாதிரியே திரும்பி வந்தன. "நான் அவ தட்டுல கை வெச்ச மாதிரி பாக்கறா. அந்தப் பார்வையை என்னால தாங்க முடியல" என்று சொல்லிக் கறார் கல்லை நிறுத்திவிட்டு அழுதாள். அவள் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. அக்கா செத்த அன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லா வேலையும் செய்தவள்.

"உண்மையைச் சொல்லித் தொலையேண்டி. அம்மா இல்ல, நான்தான் வெச்சேன்னு சொல்லு."

"சொன்னா, அம்மா ஒரு நாள்கூட எதுவும் அனுப்பலன்னு ஆயிடுமே" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டிருக்கிறார். "என் டப்பால அம்மா வெக்கறத சித்தி எடுத்துத் தின்னுடறாங்க" என்று குழந்தை சொல்லியிருக்கிறது. டீச்சர் பதறிவிட்டார். நம் மொழியில் மாமனுக்கு ஒரு சொல், பெரியப்பனுக்கு ஒரு சொல், நாத்தனாருக்கு ஒரு சொல் என்று வாரி வழங்கியிருக்கிறார்கள். ஆனால் அம்மா கூடப் பிறந்த தங்கைக்கும், அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வருகிறவளுக்கும் சேர்த்து ஒரே சொல்லைக் கொடுத்துக் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார்கள். அம்மா இல்லாத பிள்ளை, உடம்பில் சதை இல்லை, பல் போயிருக்கிறது, சித்தி சாப்பாட்டைப் பிடுங்குகிறாள். யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? டீச்சர் அப்பாவுக்கே போன் போட்டு வரச்சொல்லிவிட்டார்.

பல் என்ன ஆயிற்றோ என்று தவிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், கதையை இழுக்கிற பழக்கம் எனக்கில்லை. அந்தக் கடைவாய்ப்பல் பிழைத்துவிட்டது. போன தடவை டாக்டரம்மா பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாராம். டப்பா கட்டுவது இப்போது அப்பா. தூர ஓட்டத்தை விட்டுவிட்டு, சாயங்காலம் வீடு திரும்புகிற மாதிரி உள்ளூர் வண்டி ஓட்டுகிறார். கறார் தினமும் காலையில் அவருக்குப் போன் போட்டு, "முட்டை வெச்சீங்களா மாமா, ஆப்பிளுக்கு ரப்பர் போட்டீங்களா, தண்ணிதானே ஊத்தினீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கல்லைச் சுழற்றுவாள். குழந்தை போனுக்கு வருவதில்லை.

அது எப்படி அப்படி ஆனது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நானும் போயிருந்தேன். சின்னப் பிள்ளைகளின் வகுப்பறை. உட்காரக் குட்டி நாற்காலிகள்தான் இருந்தன. லாரிக்காரர் முழங்கால் மார்பில் முட்ட உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் தூங்காத முகம். அணிலை வெளியே விளையாட விட்டுவிட்டு, கறார் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். மிட்டாய், பல், சீஸ், எல்லாம். கேட்டு முடித்ததும் டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க. சித்தின்னதும் நான் இவரோட ரெண்டாவது சம்சாரம்னு நினைச்சுட்டேன்" என்றார். "இப்பவே குழந்தையைக் கூப்பிட்டுச் சொல்லிடலாம். பக்குவமாச் சொன்னா புரிஞ்சுக்குவா."

"சொல்லிடும்மா" என்றார் லாரிக்காரர். "உன்னை மாதிரி அவளை யாரும் பாத்துக்க முடியாது, எனக்குத் தெரியாதா? ஆனா கேட்ல என்னைப் பாத்ததும், 'என்னைக் கூட்டிட்டுப் போப்பா, சித்தி திருடறா'ங்கறா. உன் கையால சாப்பிட மாட்டேங்கறா. இப்படியே உன்கிட்ட எப்படி விட்டுட்டுப் போறது? நீ சொல்லிட்டேன்னா அவ உன்கூடவே இருப்பா. இல்லன்னா நான் கூட்டிட்டுப் போறதுதான் வழி."

கறார் சரி என்றாள். சொல்லிவிடுகிறேன் என்றுதான் தலையாட்டினாள், நான் பார்த்தேன்.

அணில் உள்ளே வந்தாள். "இங்க வாடா கண்ணு" என்று இவள் கையை நீட்டினாள். வரவில்லை. அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த அம்மா முட்டாய் இருக்கில்ல..."

அம்மா என்ற வார்த்தை காதில் விழுந்ததும் குழந்தை அப்பாவின் காலை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தது. முகத்தை நிமிர்த்திக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, அடுத்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நின்றது. அந்த வீட்டில் சிரிப்பு நின்று எத்தனையோ நாளாகியிருந்தது. அந்த முகத்தில் இப்போது சிரிப்பு வரப் பார்த்தது. கறார் அதைப் பார்த்தாள். நான் மனசுக்குள், சொல்லுடி, சொல்லுடி என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"அதை நான்தான் எடுத்தேன்" என்றாள்.

லாரிக்காரர் நிமிர்ந்தார்.

"அம்மா உனக்குன்னு ஒரு பெரிய பை நிறைய அனுப்பியிருந்தா. நீ பெரிய பொண்ணாகற வரைக்கும் வரணும்னு. நான் ஆசை தாங்காம எல்லாத்தையும் எடுத்துத் தின்னுட்டேன். தீந்துபோச்சு. இனிமே டப்பால வராது. அம்மா மேல தப்பில்ல."

"என்னம்மா பேசற நீ?" என்று லாரிக்காரர் எழுந்தார். இவள் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தி நிறுத்தினாள். நானும் வாயைத் திறந்தேன். பிசகின லென்ஸை ஓரமாக வைக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. என் நீளமான வாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டது. டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அணில் அழவில்லை. சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

குழந்தையின் பார்வை சித்தியின் வாய்க்கு இறங்கியது.

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள் கறார்.

அணில் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.